நான்கு அங்கிகள், இரண்டு பலகைகள்: மறுமலர்ச்சிக் கால மத ஓவியத்தை முதல் தடவை பார்க்கப் போகிறவர்களுக்கு

ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் நம்மவர்கள் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகத்துக்குப் போவார்கள். முதல் அறையில் நீண்ட அங்கி போட்ட தாடிக்காரர்கள் இருப்பார்கள். அடுத்த அறையிலும் அதே மாதிரி ஆட்கள். மூன்றாவது அறைக்குள் எல்லா முகமும் ஒன்றாகிவிடும், கால் வலிக்கத் தொடங்கும், காபி எங்கே கிடைக்கும் என்று மனம் தேடும். நானும் முதல் தடவை இப்படித்தான் வெளியே வந்தேன். பக்கத்தில் ஒருவர் நின்று "அவசரப்படாதே, முதலில் இதைப் பார், அப்புறம் இதைப் பார்" என்று சொல்லியிருந்தால் அந்த நாள் வேறு மாதிரி போயிருக்கும். அந்த ஒருவர் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுத முயல்கிறேன்.

கலை வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு ஓவியத்துக்கு இருபது நிமிடம் கொடுக்க மனம் இருந்தால் போதும்.

ஒரே ஒரு ஓவியத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு நாளில் நூறு ஓவியம் பார்த்தால் ஒன்றும் நிற்காது. முதல் தடவை ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது நியூரம்பெர்க் நகரத்து ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1526-ல் வரைந்த 'நான்கு அப்போஸ்தலர்'. அப்போஸ்தலர் என்றால் இயேசுவின் செய்தியைப் பரப்பிய முதல் தூதர்கள். மியூனிக் நகரத்தின் ஆல்டே பினக்கோத்தேக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு மரப்பலகைகள், ஒவ்வொன்றும் 2 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம், சுமார் 76 சென்டிமீட்டர் அகலம். பலகைக்கு இரண்டு பேர். ஆக நான்கு ஆண்கள், நான்கு அங்கிகள், பின்னால் கறுப்பு. வானம், மரம், தேவதைகள், தங்க ஒளிவட்டம் எதுவும் கிடையாது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஓவியம் கிடைப்பது கடினம். கூட்டம் நிறைந்த ஓவியத்தில் கண் அலைபாயும். இங்கே அலைவதற்கு இடமே இல்லை. அதோடு, ஓவியம் எதற்காக வரையப்பட்டது என்பதை ஓவியர் தானே ஓவியத்தின் அடியில் எழுத வைத்திருக்கிறார். அந்த எழுத்துக்குக் கடைசியில் வருகிறேன். இந்த ஓவியத்தின் உயிர் அங்கேதான் என்பது என் எண்ணம்.

சுவரில் உள்ள லேபிளைப் பிறகு படியுங்கள்

அறைக்குள் நுழைந்ததும் எல்லாரும் நேராக லேபிளிடம் போவார்கள். பெயர், ஆண்டு, இன்னார் வரைந்தது என்று படித்துவிட்டு, ஓவியத்தை ஒரு பார்வை பார்த்து, அடுத்ததற்கு நகர்வார்கள். நீங்கள் நாலைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். இரண்டு பலகையும் ஒன்றாகக் கண்ணுக்குள் வர வேண்டும். இரண்டு நிமிடம் சும்மா பாருங்கள்.

அந்தத் தொலைவிலிருந்து முதலில் தெரிவது முகம் இல்லை, நிறம். இடப்பக்கப் பலகையில் பெரிய சிவப்பு. வலப்பக்கப் பலகையில் பெரிய வெள்ளை. இரண்டு மேலங்கிகளும் இரண்டு தூண் மாதிரி மேலிருந்து கீழ்வரை இறங்குகின்றன. முன்னால் நிற்கும் இருவரும் ஒருவரை ஒருவர் நோக்கித் திரும்பி நிற்பதால், நடுவில் வெறும் சுவர் இருந்தாலும் இரண்டு பலகையும் சேர்ந்துகொள்கின்றன. பின்னால் நிற்கும் இருவருக்கும் தலையும் கொஞ்சம் உடம்பும்தான் கிடைத்திருக்கிறது. யார் முன்னால், யார் பின்னால் என்பதை இப்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

கையில் என்ன இருக்கிறது?

இப்போது நெருங்கலாம். ஆள் யார் என்று கண்டுபிடிக்க முகத்தைப் பார்த்துப் பயனில்லை. இயேசுவின் சீடர்கள் எப்படி இருந்தார்கள் என்று எந்த ஓவியருக்கும் தெரியாது. அதனால் ஐரோப்பிய ஓவியர்கள் ஆளுக்கு ஓர் அடையாளப் பொருளைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இடப்பக்கம் பின்னால் நிற்கும் வழுக்கைத்தலைக் கிழவர் கையில் ஒரு பெரிய பொன்னிறச் சாவி இருக்கிறது. சாவி என்றால் பேதுரு. பரலோக ராஜ்யத்தின் திறவுகோல்களை உனக்குத் தருவேன் என்று இயேசு சொன்னது அவரிடம்தான். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோயில்களில் இராயப்பர் என்று பழைய பெயரில் அழைக்கப்படுபவரும் இவரே. வலப்பக்கம் முன்னால் நிற்பவரிடம் வாள் இருக்கிறது. வாள் என்றால் பவுல், கத்தோலிக்கர் வழக்கில் சின்னப்பர். ரோமில் அவர் தலை வெட்டப்பட்டார் என்பது மரபு, அந்த வாள்தான் இது. சிவப்பு அங்கிக்காரர் யோவான், அதாவது அருளப்பர். தாடியில்லாத இளைஞராக அவரை வரைவது ஐரோப்பிய வழக்கம். பவுலுக்குப் பின்னால் சுருளேட்டோடு நிற்பவர் மாற்கு.

ஆனால் அடையாளப் பொருள் எல்லா நேரமும் கைகொடுக்காது. மாற்கு பக்கத்தில் வழக்கமாக ஒரு சிங்கம் இருக்கும், யோவானோடு ஒரு கழுகோ பாம்பு எட்டிப் பார்க்கும் கிண்ணமோ இருக்கும். டியூரர் அவற்றையெல்லாம் விட்டுவிட்டார். யோவானுக்கும் பவுலுக்கும் புத்தகம், மாற்குவுக்குச் சுருள். நான்கு பேரில் மூன்று பேர் கையில் எழுத்து இருக்கிறது. சாவி வைத்திருக்கும் பேதுருவும் குனிந்து யோவானின் புத்தகத்தைத்தான் படிக்கிறார்.

வேறு ஓவியங்களிலும் இதே முறை பலிக்கும். எக்ஸ் வடிவச் சிலுவை இருந்தால் அந்திரேயா. கத்தி இருந்தால் பற்தொலொமேயு, தோலை உரித்துக் கொன்றார்கள் என்பது கதை. தொப்பியிலோ மேலங்கியிலோ சிப்பி இருந்தால் பெரிய யாக்கோபு. ஈட்டியோ தச்சரின் மூலைமட்டமோ இருந்தால் தோமா, நம் மயிலாப்பூரோடு மரபு சேர்த்துச் சொல்லும் அதே தோமையார். இந்த ஐந்தாறு பொருளை நினைவில் வைத்தால் பாதி அருங்காட்சியகம் பழகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓவியத்தின் பெயர் 'நான்கு அப்போஸ்தலர்' என்றாலும் மாற்கு பன்னிரண்டு சீடர்களில் ஒருவர் இல்லை, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நற்செய்தி நூல் ஒன்றை எழுதியவர். பவுலும் பன்னிருவரில் சேராதவர், பிறகு வந்தவர். பெயர் பழகிவிட்டது, அதனால் அப்படியே அழைக்கிறோம்.

அங்கிக்குத் தனியாக நேரம் கொடுங்கள்

பலரும் தாண்டிப் போகிற இடம் இதுதான். "துணிதானே" என்று நினைத்துவிடுகிறோம். இந்த ஓவியத்தில் வண்ணம் பூசிய பரப்பில் பெரும்பங்கு துணிதான். ஓவியர் அத்தனை இடத்தைக் கொடுத்திருக்கிறார் என்றால் நாமும் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும்.

முதலில் இது எந்தக் காலத்து உடை என்று கேளுங்கள். 1526-ல் நியூரம்பெர்க் தெருவில் யாரும் இப்படி உடுத்தவில்லை. வசதியானவர்கள் ரோமம் வைத்த கோட்டு போடுவார்கள். அது எப்படி இருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். அதே அருங்காட்சியகத்தில் டியூரர் 1500-ல் தன்னைத் தானே வரைந்த ஓவியம் இருக்கிறது, அதில் அவரே அப்படி ஒரு கோட்டு அணிந்து, அதன் ரோமத்தை விரலால் பிடித்துக்கொண்டிருக்கிறார். அப்போஸ்தலர்களுக்கு மட்டும் எந்த ஊருக்கும் எந்த ஆண்டுக்கும் சொந்தமில்லாத ஓர் அங்கியும், அதன்மேல் போர்த்திய ஒரு பெரிய துணியும். பழைய ரோமானியச் சிலைகளிலிருந்து வந்த பழக்கம் இது. அப்போஸ்தலர் என்று சொல்லாமலே சொல்வதற்கு இந்த உடை போதும்.

மற்ற ஓவியங்களில் அங்கி வேறு மாதிரி இருக்கும், அதை வைத்தே ஆளைப் பிரிக்கலாம். இடுப்பில் முடிச்சுப்போட்ட கயிறு கட்டிய துறவி என்றால் பிரான்சிஸ் சபை. வெள்ளை உடைமேல் கறுப்பு மேலங்கி என்றால் டொமினிக் சபை. முழுச் சிவப்பும் அகலமான சிவப்புத் தொப்பியும் என்றால் பெரும்பாலும் எரோணிமுஸ் என்ற புனிதர், கர்தினால் வேடத்தில். பூவேலை செய்த கனமான பட்டு மேலங்கியும் கூம்புத் தொப்பியும் என்றால் ஓர் ஆயர்.

இனி பவுலின் வெள்ளை மேலங்கிக்கு வாருங்கள். தோளில் ஒரு மடிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணாலேயே அதைக் கீழே வரை தொடருங்கள். கையருகே துணி ஒதுங்கிச் சேர்ந்து ஒன்றோடொன்று நெருக்குகிறது, அங்கே மடிப்புகள் சிறியவை, உடைந்தவை. அங்கிருந்து தரையை நோக்கி நீளமாக, பாரமாக இறங்குகிறது. காற்றில் படபடக்கும் துணி இல்லை, நனைத்துப் போட்ட கம்பளி மாதிரி கனம். துணி விழும் விதத்திலேயே உள்ளே நிற்கும் மனிதனின் எடை தெரிகிறது. உடம்பை வரையாமலே உடம்பைக் காட்டியிருக்கிறார்.

அப்புறம் நிறம். தூரத்திலிருந்து தும்பைப்பூ வெள்ளை மாதிரி தோன்றியது. பக்கத்தில் போனால் வெள்ளை என்று சொல்லக்கூடிய இடம் மிகக் குறைவு. மேடான விளிம்புகளில் மட்டும் கொஞ்சம். மீதி எல்லாம் சாம்பல், நீலம் கலந்த சாம்பல், மடிப்பின் அடியில் கிட்டத்தட்ட இருட்டு. அத்தனை சாம்பலையும் நம் மனம்தான் வெள்ளை என்று வாசிக்கிறது. இதை ஒரு தடவை கண்டுகொண்டால், அதற்குப் பிறகு எந்த ஓவியத்திலும் வெள்ளைத் துணியைப் பழையபடி பார்க்க முடியாது.

பென்சிலும் சிறு நோட்டும் கொண்டு போயிருந்தால் அந்த ஒரு மடிப்பை மட்டும் ஐந்து நிமிடம் வரைந்து பாருங்கள். ஓவியம் வரத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கை வேலை செய்யும்போது கண் நகராது. டியூரர் இளமையில் தன் தந்தையிடம் பொற்கொல்லர் வேலை பழகியவர், செம்புத் தகட்டில் ஊசிமுனையால் கோடு கோடாகச் செதுக்கிப் படம் அச்சிடுவதில் அவர் காலத்தில் அவருக்கு நிகர் இல்லை. அதே 1526-ம் ஆண்டு தேதியிட்ட செதுக்கோவியம் ஒன்றில் பிலிப்பு என்ற அப்போஸ்தலர் இதே மாதிரி ஒரு கனத்த மேலங்கியோடு நிற்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கோட்டால் யோசித்த கை வண்ணத்துக்கு வந்திருப்பது புரியும்.

இப்போது முகங்கள்

யோவான் அமைதியாகக் குனிந்து படிக்கிறார். பேதுருவின் முகத்தில் முதுமையும் களைப்பும். மாற்குவைப் பாருங்கள்: வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கண்மணி ஒரு பக்கமாகத் திரும்பி, விழியின் வெள்ளை பளிச்சென்று தெரிகிறது. யாரோ கூப்பிட்ட மாதிரி, அல்லது ஏதோ ஆபத்தைக் கண்ட மாதிரி ஒரு பரபரப்பு.

பவுல் மட்டும் நம்மைப் பார்க்கிறார். உடம்பு பக்கவாட்டில் இருக்க, கண் மட்டும் ஓரமாகத் திரும்பி நம் மேல் விழுகிறது. அறையில் இடம் வலமாக நடந்து பாருங்கள். நான்கு பேரில் இந்த ஒரு கண்ணுக்குத்தான் நீங்கள் அங்கே இருப்பது தெரியும்.

இந்தக் குணவேறுபாட்டுக்கு ஒரு விளக்கம் டியூரரின் காலத்திலிருந்தே வருகிறது. ஐரோப்பிய மருத்துவம் மனித உடம்பில் நான்கு நீர்மங்கள் இருப்பதாக நம்பியது: இரத்தம், மஞ்சள் பித்தம், கபம், கரும்பித்தம். எது மிகுதியோ அதற்கேற்ற குணம். யோவானுக்கு இரத்தம், மாற்குவுக்கு மஞ்சள் பித்தம், பேதுருவுக்குக் கபம், பவுலுக்குக் கரும்பித்தம் என்று பிரித்திருக்கிறார்கள். டியூரரை நேரில் அறிந்த எழுத்துக்கலைஞர் யோஹான் நாய்டோர்ஃபரே நான்கு குணங்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார், அதனால் தள்ளிவிட முடியாது. ஆனாலும் இந்த ஒரு விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அடியில் உள்ள எழுத்து வேறு ஒன்றைச் சொல்கிறது.

பலகை என்றால் என்ன

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கித்தான் பரவலாகும் முன்பு பெரிய ஓவியங்கள் மரப்பலகையில்தான் வரையப்பட்டன. தெற்கு ஜெர்மனியில் லிண்டன் மரம், நெதர்லாந்துப் பக்கம் ஓக், இத்தாலியில் பாப்ளர். பலகைகளை ஒட்டி, இழைத்து, அதன்மேல் சுண்ணத்தூளும் பசையும் கலந்து பூசித் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அதன்மேல் கோட்டுப்படம், அதன்மேல் எண்ணெய் வண்ணம் மெல்லிய அடுக்குகளாக. மரம் ஈரத்துக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும். இந்த மாதிரி ஓவியங்களை ஒரே அளவு ஈரப்பதத்தில் வைத்திருப்பது அதற்காகத்தான்.

கீழே பாருங்கள்

இனிதான் நான் சொல்ல வந்தது.

நான்கு பேரின் பாதங்களுக்கும் கீழே, பலகையின் அடிப்பகுதியில், நெருக்கமான பழைய ஜெர்மன் எழுத்தில் பல வரிகள் இருக்கின்றன. யோஹான் நாய்டோர்ஃபர் எழுதியவை. படிக்க முடியாது என்பதால் எல்லாரும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

தொடக்க வரிகளின் சாரம் இது: இந்த ஆபத்தான காலத்தில் உலகை ஆளும் அதிகாரிகள் எல்லாரும் மனிதர் புகட்டும் தவறான வழியைக் கடவுளின் வார்த்தை என்று எடுத்துக்கொள்ளாமல் கவனமாக இருக்க வேண்டும், தம் வார்த்தையில் எதையும் கூட்டவோ குறைக்கவோ கடவுள் விரும்புவதில்லை, ஆகவே இந்த நான்கு சிறந்த மனிதர்களின் எச்சரிக்கையைக் கேளுங்கள்.

அதன் பிறகு நான்கு பேரும் ஆளுக்கு ஒரு பகுதி பேசுகிறார்கள். எல்லாம் பைபிளிலிருந்து, கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துச் சீர்திருத்தம் தொடங்கிய மார்ட்டின் லூதரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பில். பேதுருவின் இரண்டாம் நிருபத்திலிருந்து, அதாவது கடிதத்திலிருந்து, கள்ளப் போதகரைப் பற்றி. யோவானின் முதல் நிருபத்திலிருந்து, எல்லா ஆவிகளையும் நம்பாமல் சோதித்துப் பார்க்கும்படி. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலிருந்து, கடைசி நாட்களில் மனிதர் எப்படியெல்லாம் மாறுவார்கள் என்று. கடைசியாக மாற்கு, 12-ம் அதிகாரம், 38 முதல் 40 வரை.

வீட்டில் தமிழ் பைபிள் இருந்தால் அந்த இடத்தை எடுத்துப் பாருங்கள். எந்த மாதிரி ஆட்களைக் குறித்து எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது? நீண்ட அங்கிகளைத் தரித்துக்கொண்டு திரிய விரும்புகிறவர்களை. சந்தையில் வணக்கமும் விருந்தில் முதல் இடமும் தேடுகிறவர்களை. விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு, பார்வைக்கு நீண்ட ஜெபம் செய்கிறவர்களை.

இப்போது தலையை நிமிர்த்தி மறுபடி அந்த இரண்டு மேலங்கிகளைப் பாருங்கள்.

முதல் தடவை இதைச் சேர்த்துப் பார்த்தபோது நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஜெர்மானிய ஓவியத்தில் இவ்வளவு கம்பீரமான அங்கிகள் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அவற்றுக்கு நேர் கீழே, நீண்ட அங்கிக்காரர்களை நம்பாதே என்று எழுதியிருக்கிறது. டியூரர் இந்த இணைப்பை மனதில் வைத்துத்தான் செய்தாரா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அங்கியை மட்டும் பார்த்து மனிதனை நம்பிவிடாதே, அவன் கையில் உள்ள புத்தகத்தைத் திறந்து படி என்று அந்தப் பலகை என்னிடம் சொல்கிறது. யோவானின் புத்தகம் திறந்தே இருக்கிறது. அதிலுள்ள எழுத்தையும் படிக்கலாம்: அவருடைய நற்செய்தியின் முதல் வரிகள், லூதரின் ஜெர்மனில். நம் தமிழில் 'ஆதியிலே வார்த்தை இருந்தது'. சாவியைப் பிடித்திருக்கும் பேதுரு அந்த வார்த்தையைத்தான் எட்டிப் பார்க்கிறார்.

'ஆபத்தான காலம்' என்பது வெறும் பேச்சு இல்லை. 1525-ல் ஜெர்மன் நாடுகளில் பெரும் விவசாயிகள் கிளர்ச்சி நடந்து இரத்தத்தில் முடிந்தது. அதே ஆண்டு நியூரம்பெர்க் நகர மன்றம் லூதரின் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் அந்த ஊரின் மூன்று இளம் ஓவியர்களை, சபால்ட் பேஹாம், பார்த்தல் பேஹாம், கேயோர்க் பென்ட்ஸ் ஆகியோரை, கடவுள் நம்பிக்கை அற்றவர்கள் என்று ஊரைவிட்டே அனுப்பியது. பழைய திருச்சபை ஒரு பக்கம், எல்லாவற்றையும் உடைக்கச் சொல்லும் போதகர்கள் மறுபக்கம். சூரிச்சில் 1524-ல் கோயில்களிலிருந்து படங்களையும் சிலைகளையும் அகற்றிவிட்டார்கள். மத ஓவியம் வரைந்து வாழ்ந்த ஒருவருக்கு இது தொழிலே நிற்குமா என்ற கேள்வி.

அப்படிப்பட்ட நேரத்தில் டியூரர் யாரும் கேட்காமலே இந்தப் பலகைகளை வரைந்து, 1526 அக்டோபரில் தன் ஊர் நகர மன்றத்துக்குக் கொடையாகக் கொடுத்தார். வேறு எந்த ஓவியத்துக்கும் இவ்வளவு பாடுபட்டதில்லை என்று உடன் அனுப்பிய கடிதத்தில் சொல்கிறார். மன்றம் பதில் மரியாதையாக அவருக்கு 100 குல்டனும் (அக்கால நாணயம்), அவர் மனைவி ஆக்னெஸுக்கு 12 குல்டனும், வேலையாளுக்கு 2 குல்டனும் கொடுத்தது. பலகைகள் கோயிலுக்குப் போகவில்லை, நகர மன்றக் கட்டிடத்துக்குப் போயின. தீர்ப்புச் சொல்கிறவர்களும் வரி விதிக்கிறவர்களும் தினம் நடமாடும் இடம். பவுலின் கண் யாரைப் பார்க்க வேண்டும் என்று வரையப்பட்டது என்பது இப்போது விளங்கும்.

முன்னால் யார், பின்னால் யார் என்று குறித்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? முதல் போப்பாகக் கருதப்படும் பேதுரு பின்வரிசையில் நிற்கிறார். யோவானும் பவுலும் முன்னால். லூதர் மிக உயர்வாக வைத்தவை யோவானின் நற்செய்தியும் பவுலின் நிருபங்களும். டியூரர் லூதரை மிகவும் மதித்தவர்.

ஓவியம் எங்கே இருந்தது, எப்படி இங்கே வந்தது என்று கேளுங்கள்

அருங்காட்சியகத்தில் தொங்கும் எந்த மத ஓவியமும் அந்தச் சுவருக்காக வரையப்பட்டதில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ஓவியமே மாறித் தெரியும்.

1627-ல் பவேரியாவை ஆண்ட முதலாம் மாக்சிமிலியன் இந்தப் பலகைகளைக் கேட்டார். அவர் தீவிரக் கத்தோலிக்கர், டியூரர் ஓவியங்கள் என்றால் உயிர். நியூரம்பெர்க் மன்றத்துக்குக் கொடுக்க மனமில்லை, மறுக்கவும் துணிவில்லை. அடியில் உள்ள லூதர் வாசகங்களைப் பார்த்தால் அவரே திருப்பி அனுப்பிவிடுவார் என்று நம்பி அனுப்பினார்கள். அவர் அந்த எழுத்துப் பகுதியை மட்டும் ரம்பத்தால் அறுத்துத் திருப்பி அனுப்பினார், கேயோர்க் ஃபிஷர் என்ற ஓவியரின் கையால் செய்த நகல் ஓவியங்களோடு சேர்த்து. மூலப் பலகைகள் மியூனிக்கில் தங்கிவிட்டன.

ஆக, சுமார் முந்நூறு ஆண்டுகள் நான்கு பேரும் ஓர் ஊரில், அவர்கள் பேச்சு இன்னோர் ஊரில். 1922-ல்தான் இரண்டையும் மறுபடி சேர்த்தார்கள். நீங்கள் அந்த எழுத்துக்கு முன்னால் குனிந்து நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மன்னர் சகிக்க முடியாமல் அறுத்து எறிந்த வரிகள் அவை.

நேரில் போகும்போது

ஆல்டே பினக்கோத்தேக் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை 1 யூரோ கட்டணம் என்பது நெடுநாள் வழக்கம், மாணவர்களுக்கு அது பெரிய வரம், ஆனால் கூட்டமும் அன்றுதான். கிளம்பும் முன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் நேரத்தையும் கட்டணத்தையும், குறிப்பாக டியூரர் அறை திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். யூ2 சுரங்க ரயிலில் தெரேசியன்ஸ்ட்ராஸெ நிறுத்தத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்.

முதுகுப்பையை லாக்கரில் வைத்துவிடுங்கள். வரைய பென்சில் மட்டும் போதும், பேனா வேண்டாம், காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நல்லது. ஓவியத்தை நோக்கி விரலை நீட்டாதீர்கள், நாம் நினைப்பதைவிட விரல் பக்கத்தில் போய்விடும். போட்டோ எடுப்பதாக இருந்தால் ஃபிளாஷ் இல்லாமல், அதுவும் பார்த்து முடித்த பிறகு. முதலிலேயே போனை எடுத்தால் கண் தன் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிடும். குழந்தைகளோடு போனால் சாவி எங்கே, வாள் எங்கே, நம்மைப் பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். டியூரரின் முத்திரையையும் தேடச் சொல்லலாம்: பெரிய ஏ எழுத்தின் கால்களுக்கு நடுவே சின்ன டி எழுத்து. பெரியவர்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.

போக வசதியில்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் இந்தப் பலகைகளைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். மாற்குவின் கண்ணையும் யோவானின் புத்தக எழுத்தையும் நேரில் பார்ப்பதைவிடத் தெளிவாகவே பார்க்கலாம். கிடைக்காதது ஒன்றுதான்: ஆள் உயர உருவம் எதிரே நிற்கும் உணர்வு. அதற்கு, வீட்டுச் சுவரில் 2 மீட்டர் உயரத்தில் ஒரு நூல் ஒட்டி அளவை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துப் பகுதியைத் தமிழிலேயே படித்துவிட்டுப் போகலாம் என்பது நமக்குள்ள வசதி. அதில் ஒரு பழைய தொடர்பும் இருக்கிறது. தரங்கம்பாடியில் தங்கிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து 1715-ல் அச்சிட்டு முடித்த சீகன்பால்க், லூதர் சபையைச் சேர்ந்த ஜெர்மானியர். வேதம் மக்கள் பேசும் மொழியில் இருக்க வேண்டும் என்று லூதர் தொடங்கியதை அவர் கடல் கடந்து கொண்டுவந்தார். டியூரர் பலகையில் எழுத வைத்த பகுதிகள் அந்தத் தமிழ்ப் புத்தகத்திலும் உண்டு.

அடுத்த ஓவியம்

இதை முடித்தவர்கள் வெனிஸ் போக நேர்ந்தால் ஃபிராரி கோயிலின் உட்புற அறைக்குப் போங்கள். ஜியோவன்னி பெல்லினி 1488-ல் வரைந்த மாதா ஓவியம் அங்கே இருக்கிறது, எந்த அறைக்காக வரையப்பட்டதோ அதே அறையில், அதற்கென்று செய்த சட்டத்தோடு. டியூரர் 1505 முதல் 1507 வரை வெனிஸில் இருந்தபோது பெல்லினியைச் சந்தித்தார், மிகவும் வயதாகிவிட்டாலும் ஓவியத்தில் இன்னமும் அவரே சிறந்தவர் என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். அந்த ஓவியத்தின் இரண்டு பக்கப் பலகைகளிலும் பலகைக்கு இரண்டு பேர், அங்கியோடு. லேபிளைப் பார்க்காமல், தள்ளி நின்று, கையில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். வலப்பக்கப் பலகையில் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு உங்களையே பார்க்கும் துறவி ஒருவர் நிற்பார். அவர் பெனடிக்ட். அந்தப் பார்வையை முன்பே எங்கே பார்த்தோம் என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.